கதைமாந்தரின் உடையை எங்கே, எவ்வளவு எழுதுவது?

பெரம்பூர் வாசகி:

அனைவருக்கும் வணக்கம். பெரம்பூர் ஆலைத் தொழிலாளி ஒருவரின் குடும்பத்தை மையமாக வைத்து நாவல் ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். கதை 1974-இல் தொடங்கி, பக்கிங்ஹாம் கர்நாடிக் ஆலை மூடப்பட்ட 1996-இல் முடிகிறது. தந்தை நெசவுப் பிரிவில் வேலை பார்க்கிறார். மூத்த மகள் கமலா பாரிமுனையில் ஓர் ஏற்றுமதி அலுவலகத்தில் தட்டச்சராகச் சேர்கிறாள். தம்பிகள் இருவரும் பள்ளியில் படிக்கிறார்கள்.

துணி நெய்கிறவர் வீட்டுக் கதையில் துணியைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது என்று எண்ணி, ஒவ்வொருவரும் முதன்முதலாகக் கதைக்குள் வரும்போது அவர் உடுத்தியிருப்பதை நான்கைந்து வரிகளில் வர்ணித்திருந்தேன். கமலா அறிமுகமாகும் பகுதி இப்படி இருந்தது:

"கமலா மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை போட்ட நைலக்ஸ் புடவையும், அதே அரக்கில் முழங்கைவரை நீண்ட ரவிக்கையும் அணிந்திருந்தாள். காதில் சிறிய கல் தோடும், கழுத்தில் மெல்லிய சங்கிலியும், இடது கையில் கறுப்புப் பட்டை போட்ட கைக்கடிகாரமும் இருந்தன. பின்னலில் ஒரு முழம் மல்லிகை தொங்கியது."

இதைப் படித்த தோழி ஒருவர், ஜவுளிக்கடை விளம்பரத்தைப் படிப்பதுபோல் இருக்கிறது என்றார். உடனே எல்லா வர்ணனைகளையும் நீக்கிவிட்டு வேறொருவரிடம் கொடுத்தேன். அவரோ, பேச்சு மட்டும் காதில் விழுகிறது, பேசுகிற ஆளைக் காணவில்லை என்றார். இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

ஆகவே கேட்கிறேன். உடையைக் கதையின் எந்த இடத்தில் சொல்ல வேண்டும்? எவ்வளவு சொன்னால் போதும்? அந்தக் காலத்தில் வடசென்னையில் மக்கள் உண்மையில் என்ன உடுத்தினார்கள் என்பதை எங்கே தேடித் தெரிந்துகொள்வது? ஏழ்மையையும் வசதியையும் உடையைக் கொண்டு காட்டும்போது முத்திரை குத்திவிடாமல் எழுதுவது எப்படி? அனுபவம் உள்ளவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மெய்ப்புப் படிப்பவர்:

வணக்கம் அம்மா. ஒரு பதிப்பகத்துக்காகப் புனைகதைகளைச் செப்பனிடும் வேலை செய்கிறேன் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

நீங்கள் கொடுத்திருக்கும் பகுதியில் நீளமும் குற்றமில்லை, சொல்லும் குற்றமில்லை. அந்த நேரத்தில் கமலாவை யார் பார்க்கிறார்கள் என்பதுதான் அதில் இல்லை. தோடு, சங்கிலி, கடிகாரம், மல்லிகை என்று எல்லாவற்றையும் ஒரே அளவு அக்கறையோடு, தலையிலிருந்து கால்வரை வரிசையாகப் பார்க்கும் மனிதர் உலகத்தில் எவரும் இல்லை. கமலாவின் தாய் பார்த்தால், மகள் புடவையைக் கணுக்கால் தெரிய உயர்த்திக் கட்டியிருக்கிறாளா என்று பார்ப்பார். அலுவலகத்தில் பல ஆண்டுகளாக அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மூத்த தட்டச்சர் அவளுடைய கைக்கடிகாரத்தைத்தான் முதலில் கவனிப்பார். மேலாளருக்கு அவள் அணிந்திருப்பது எதுவும் கண்ணில் படாமலே போகலாம், அல்லது படக்கூடாத விதத்தில் படலாம். அதுவே அவரைப் பற்றி வாசகருக்கு ஒரு செய்தியாகிவிடும்.

அடுத்தது, வழக்கமாக இருப்பது கண்ணில் படாது, வழக்கத்திலிருந்து விலகுவதுதான் படும். தினமும் பருத்திப் புடவை கட்டுகிறவள் ஒரு நாள் நைலக்ஸ் கட்டினால்தான் தெருவே திரும்பிப் பார்க்கும். உங்கள் பகுதியை நான் எழுதினால் ஏறக்குறைய இப்படித் தொடங்குவேன்:

"'இது தீபாவளிக்கு எடுத்ததுதானே?' என்று குழாயடியில் நின்ற கோவிந்தம்மாள் கேட்டபோது, கமலா முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். தீபாவளிக்கு அந்த வீட்டில் எடுத்தது வாயில் புடவை என்பதும், மாதக் கடைசியில் நைலக்ஸ் வாங்கும் நிலைமை அங்கே இல்லை என்பதும் கோவிந்தம்மாளுக்கு நன்றாகவே தெரியும்."

வாயில் என்பது மெல்லிய பருத்தித் துணி. இதில் நிறத்தைச் சொல்லவில்லை, தோட்டையும் சங்கிலியையும் சொல்லவில்லை. ஆனாலும் புடவை வாசகரின் மனத்தில் நிற்கும், ஏனென்றால் அது எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அதோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. கமலாவே வாங்கினாளா, யாராவது கொடுத்தார்களா, இரவல் புடவையா என்று அறிந்துகொள்ள அவர் அடுத்த பக்கத்துக்குப் போவார்.

ஆனால் உடையைத் தள்ளிப்போடுவதற்கும் ஓர் எல்லை உண்டு. ஒருவர் அறிமுகமாகி இரண்டு மூன்று பக்கங்கள் கழிவதற்குள் வாசகர் தம் போக்கில் அவருக்கு ஓர் உருவத்தைக் கொடுத்துவிடுவார். நாற்பதாம் பக்கத்தில் திடீரென்று 'அவர் தம் காதி ஜிப்பாவை உதறினார்' என்று எழுதினால், அதுவரை அவரைக் காற்சட்டையில் கற்பனை செய்து வைத்திருந்தவருக்குத் தடுக்கும். பின்னால் கதைக்குத் தேவைப்படப் போகிற உடை எதுவோ அதை முதலிலேயே ஒரு சொல்லிலாவது தொட்டுவிட வேண்டும். தேவைப்படாதது வராமலே போனாலும் ஒருவரும் தேடப்போவதில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இது கலை பற்றியது அன்று, வேலை பற்றியது. ஒவ்வொரு காட்சியிலும் யார் என்ன உடுத்தியிருக்கிறார் என்று தனித் தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். காலையில் தாவணியில் கிளம்பிய பெண் அதே நாள் மாலையில் புடவை முந்தானையால் முகம் துடைப்பதையும், மழையில் தொப்பலாக நனைந்தவர் அடுத்த பத்தியிலேயே மொடமொடப்பான சட்டையோடு நிற்பதையும் அச்சுக்குப் போகும் பிரதிகளில் அடிக்கடி காண்கிறேன்.

ஜவுளிக்கடை மகன்:

எங்கள் குடும்பம் வண்ணாரப்பேட்டையில் தலைமுறைகளாகத் துணி வியாபாரம் செய்கிறது. எழுதுவது எப்படி என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை, ஆனால் துணி எப்படி நடந்துகொள்ளும் என்பதைச் சொல்ல முடியும். நான் படிக்கும் கதைகளில் பெரும்பாலும் துணிக்கு நிறம் மட்டுமே இருக்கிறது. எடை இல்லை, ஓசை இல்லை, வயதும் இல்லை.

உங்கள் கமலாவின் நைலக்ஸ் புடவையையே எடுத்துக்கொள்வோம், அது நைலான் இழையில் நெய்தது. துவைத்துப் பிழிந்து உதறிக் கொடியில் போட்டால் சிறிது நேரத்தில் காய்ந்துவிடும், கஞ்சி வேண்டாம், இஸ்திரி வேண்டாம், சாயம் போகாது. வேலைக்குப் போகிற பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்பதைப் பருத்திப் புடவைக்குக் கஞ்சி போட்டு, மடித்து இழுத்து, நிழலில் உலர்த்திப் பழகியவர்கள்தாம் உணர்வார்கள். மறுபக்கம், அந்தத் துணி வியர்வையை உறிஞ்சாது. சென்னையின் மே மாதத்தில், மின்விசிறிக்குக் கீழே இடம் கிடைக்காத இளைய தட்டச்சருக்கு அது முதுகோடு ஒட்டிக்கொள்ளும். இவற்றையெல்லாம்விட முக்கியமானது, நைலான் நெருப்புப் பட்டால் உருகித் தோலோடு ஒட்டிவிடும். மண்ணெண்ணெய் ஸ்டவ் எரிந்த சமையலறைகளில், வேலையிலிருந்து திரும்பிய மகளைப் பார்த்து 'முதலில் அந்தப் புடவையை மாற்றிவிட்டு அடுப்பு வேலையைப் பார்' என்று அதட்டாத தாய்மார்கள் குறைவு. அந்த ஓர் அதட்டலில் துணி, காலம், அன்பு, பயம் நான்கும் வந்துவிடுகின்றன.

வளரும் பிள்ளைகளின் உடையில் வீட்டுக் கணக்கு முழுவதும் எழுதியிருக்கும். பெண் குழந்தைக்குப் பாவாடை தைக்கும்போது கீழே இரண்டு மூன்று மடிப்புகள் பிடித்துத் தைப்பார்கள், அதை டக் பிடிப்பது என்போம். குழந்தை உயரமாக ஆக ஒவ்வொன்றாகப் பிரித்துவிடுவார்கள். பிரித்த இடத்தில், வெயிலும் சோப்பும் படாமல் இருந்த துணி பழைய நிறத்திலேயே இருப்பதால், பாவாடையைச் சுற்றி ஒரு பளிச்சென்ற பட்டை தெரியும். எத்தனை பட்டைகள் என்று பார்த்தாலே அந்தப் பாவாடை எத்தனை முறை நீட்டப்பட்டிருக்கிறது என்று தெரிந்துவிடும். உங்கள் கதையில் தம்பிகள் இருவர் என்பதால் இன்னொன்றும் உதவலாம். தீபாவளிக்கு ஒரே பீஸில் துணி கிழித்து அண்ணன் தம்பி எல்லாருக்கும் சட்டை தைப்பது வழக்கம். பெரியவன் சட்டை சிறியதானதும் தம்பிக்கு வரும், ஆகவே தம்பி அதே கட்டம் போட்ட துணியை ஆண்டுக்கணக்கில் போட வேண்டியிருக்கும். புதுத் துணியின் ஓரத்தில் தடவிய மஞ்சள் பல துவைப்புகளுக்குப் பிறகும் காலர் மூலையில் மங்கலாக இருப்பதை நெருக்கத்தில் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

பட்டுப் புடவையைப் பற்றி எழுதுகிறவர்கள் 'மயில் கழுத்து நிறம், பெரிய ஜரிகை' என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். காஞ்சிபுரம் கோர்வைப் புடவையில் உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் இருக்கும். ஒவ்வொரு ஊடையிலும், அதாவது குறுக்கிழையிலும், அவற்றைப் பிணைத்து நெய்ய வேண்டியிருப்பதால், குறுக்கு நூலைக் கொண்டு செல்லும் நாடா மூன்று ஓடும், தறியில் நெசவாளரோடு துணைக்கு இன்னோர் ஆளும் உட்கார வேண்டும். உங்கள் கதையின் தந்தை விசைத்தறி ஓட்டுபவர், கோர்வையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கத் தெரிந்தவர். மகளின் திருமணத்துக்குக் கடையில் புடவை பார்க்கும்போது, மற்றவர்கள் முந்தானையைப் பார்க்க, அவர் மட்டும் கரை சேரும் இடத்தை விரலால் தடவிப் பார்த்தால் அவர் யார் என்று வாசகருக்குப் புரிந்துவிடும்.

பட்டுக்கு இன்னொரு வாழ்வும் உண்டு. பழைய ஜரிகை என்பது பட்டு நூலின்மேல் வெள்ளி இழையைச் சுற்றிப் பொன்முலாம் பூசியது. ஆகவே குடும்பத்தில் நெருக்கடி வரும்போது பழைய பட்டுப் புடவையை வெள்ளிக்காக விலை பேசுகிறவர்கள் உண்டு. ஒரே மடிப்பில் வைத்தால் ஜரிகை விண்டுபோகும் என்று ஆண்டுதோறும் மடிப்பு மாற்றி வைத்த புடவையை, அதை எரித்து வெள்ளியை மட்டும் எடுக்கப் போகிற ஒருவர் நிறுவையில் வைக்கும் காட்சி 1996-ஐ ஒட்டிய உங்கள் கடைசி அத்தியாயங்களில் எங்காவது பொருந்தக்கூடும். பொருந்தாவிட்டால் விட்டுவிடுங்கள்.

திருவல்லிக்கேணி முதியவர்:

மெய்ப்புப் படிப்பவர் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் இப்போது எழுத வருகிறவர்கள் அனைவரும் 'சுருக்கு, சுருக்கு' என்ற ஒரே அறிவுரையைக் கேட்டுக் கேட்டு, நீண்ட வர்ணனை என்றாலே குற்றம்போல் அஞ்சுகிறார்கள். அது நம் மரபுக்கு நியாயம் செய்வதாகாது.

பொருநராற்றுப்படையை எடுத்துப் பாருங்கள். கரிகால் வளவனைக் காண வந்த பொருநன் உடுத்தியிருந்த கந்தலைச் சொல்வதற்குப் புலவர் மூன்று வரிகளைச் செலவழிக்கிறார். ஈரும் பேனும் குடியிருந்தது, வியர்வையில் நனைந்தது, வேறு வேறு இழைகள் நுழைந்த தையல்கள் நிறைந்தது என்று கூச்சமின்றி அடுக்குகிறார். அதை நீக்கிவிட்டு மன்னன் கொடுத்த ஆடையை, இழை போன வழியைக் கண்ணால் பின்தொடர முடியாத நுண்மை உடையது, பூ வேலைப்பாடு நிறைந்தது, 'அரவுரி அன்ன அறுவை', அதாவது பாம்புச் சட்டை போன்ற ஆடை என்று சொல்கிறார். பாம்புச் சட்டையின் மென்மை அவ்வளவு தூரம் எட்டுவதற்குக் காரணம் முன்னால் வந்த பேன்தான். கந்தலைச் சுருக்கியிருந்தால் பரிசு வெறும் பரிசாகப் போயிருக்கும். ஆகவே எவ்வளவு எழுதலாம் என்று கேட்டால், மாற்றம் நிகழ்கிற இடத்தில் தாராளமாக எழுதலாம் என்பதே என் விடை. கமலா முதல் சம்பளத்தில் தந்தைக்கு வேட்டி எடுத்து வருகிறாள் என்றால், அந்தப் பழைய வேட்டியைப் பற்றி ஒரு பக்கமே எழுதுங்கள். நான் குறை சொல்ல மாட்டேன்.

அந்தப் பழைய வேட்டிக்கு ஒரு வரலாறும் இருக்கும். 1974-இல் ஐம்பது வயதானவர் என்றால், இரண்டாம் உலகப் போரின்போது 1943-இல் துணிக் கட்டுப்பாட்டு ஆணை வந்து, துணிக்காக மக்கள் வரிசையில் நின்ற காலத்தில் அவர் இளைஞர். ஊருக்கெல்லாம் துணி நெய்யும் ஆலையில் வேலை பார்த்துக்கொண்டே வீட்டில் மாற்று வேட்டி இல்லாமல் இருந்த தலைமுறை அது. அப்படிப்பட்டவர் வீட்டில் எந்தத் துணியும் ஒரேயடியாகக் குப்பைக்குப் போகாது. வேட்டி நைந்தால் கிழித்துத் துண்டு, துண்டு நைந்தால் அடுப்படியில் சூடான பாத்திரம் இறக்கும் கரித்துணி, அதுவும் போனால் விளக்குத் திரி. நைந்த புடவை குழந்தைக்குத் தூளியாகும். துணியை இப்படிப் பல அத்தியாயங்களுக்குப் பரப்பி எழுதினால், உடை வர்ணனை என்று தனியாக ஒன்று இருப்பதே வாசகருக்குத் தெரியாது. நீங்கள் காட்டப் போகிற ஆலை, படைகளுக்குக் காக்கித் துணி அனுப்பிய ஆலை என்பதையும் மறந்துவிடாதீர்கள். 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியதற்கும் அந்த ஆலைத் தொழிலாளர்களின் குறைகளே அடிப்படை. அந்த வீட்டுச் சுவரில் தொங்கும் காக்கிச் சட்டை வெறும் சட்டையாக இருக்க முடியாது.

உடை சில நேரங்களில் கதையின் சாவியாகவும் ஆகிவிடும். உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் வேட்டி உடுத்தியிருந்த காரணத்தால் சேப்பாக்கத்தில் ஒரு பொழுதுபோக்கு மன்றத்துக்குள் (கிளப்) அனுமதிக்கப்படவில்லை என்பதைத் தொடர்ந்து, வேட்டி உடுத்தி வருபவரைத் தடுக்கக் கூடாது என்று தமிழகச் சட்டமன்றம் 2014-இல் சட்டமே இயற்ற வேண்டி வந்தது. உங்கள் கதை அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. அப்படியென்றால் அத்தகைய கட்டுப்பாடுகள் கேள்வியின்றி நடந்த காலம் உங்கள் கையில் இருக்கிறது. கமலாவின் அலுவலகம் ஓர் ஆண்டு விருந்தை அப்படிப்பட்ட மன்றத்தில் நடத்தி, குடும்பத்தாரையும் அழைத்தால் தந்தை என்ன செய்வார் என்று யோசித்துப் பாருங்கள்.

அயனாவரத்துக்காரி:

மேலே மூவரும் சொன்னவை பயனுள்ளவை. ஆனாலும் ஒரு குறையைச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். நம் கதைகளில் பெண் வந்தால் கரை முதல் கொலுசு வரை வர்ணனை, ஆண் வந்தால் 'வெள்ளை வேட்டி சட்டை' என்ற மூன்று சொல்லோடு முடிந்துவிடுகிறது. கேள்வி கேட்ட சகோதரியும் எடுத்துக்காட்டுக்குக் கமலாவைத்தான் தேர்ந்தெடுத்தார், தந்தையை அன்று. நாவலை எழுதுகிறவர் பெண்ணாகவே இருந்தாலும் இந்தப் பழக்கம் பேனாவுக்குள் வந்து உட்கார்ந்துவிடுகிறது.

ஆண்களின் உடையில் கவனிக்க எவ்வளவோ இருக்கிறது. முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய லுங்கியை, எதிரே பெரியவர் ஒருவர் வருவதைக் கண்டதும் பேச்சை நிறுத்தாமலே ஒரு கையால் இறக்கிவிடுவது ஒரு நொடிச் செயல். அதில் மரியாதையும் உண்டு, தெருவின் படிநிலையும் உண்டு. யாருக்காக இறக்குகிறான், யாருக்காக இறக்குவதில்லை என்பதை மட்டும் ஒழுங்காக எழுதினாலே ஒரு தெருவின் வரைபடம் கிடைத்துவிடும். தோள் துண்டும் அப்படியே. கிராமத்தில் சிலரைக் கண்டால் தோளிலிருந்து இடுப்புக்கு இறங்க வேண்டியிருந்த துண்டு, பெரம்பூருக்கு வேலைக்கு வந்த பிறகு தோளிலேயே தங்கியது. ஊருக்குத் திரும்பும் நாளில், இரயிலை விட்டு இறங்கியதும் அந்தக் கை என்ன செய்கிறது என்பதை எழுத ஒரு வரி போதும். சாதியின் பெயரைச் சொல்லவே வேண்டாம். 1972-இல் தி.மு.க.விலிருந்து அ.தி.மு.க. பிரிந்த பிறகு நடக்கும் கதை என்பதால், கட்சிக் கொடியின் நிறத்தில் கரை போட்ட வேட்டியையும் விட்டுவிடாதீர்கள். கறுப்புக்கும் சிவப்புக்கும் நடுவே வெள்ளைக் கோடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தேநீர்க் கடையில் பேச்சைத் தொடங்குகிறவர்கள் இன்றும் உண்டு.

ஏழ்மையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 'கிழிந்த அழுக்குச் சேலை' என்று எழுதுவது எளிது, பெரும்பாலும் அது உண்மையும் அன்று. எங்கள் பகுதியில் இருப்பதற்குள் மிகவும் சுத்தமாக, நீலம் போட்டு, மடிப்புக் கலையாமல் உடுத்தியவர்கள் மாற்று உடை குறைவாக இருந்தவர்கள்தாம். இரவு துவைத்ததைக் காலையில் உடுத்தியாக வேண்டும் என்பதால் மழைக்காலத்தில் ஈரம் முழுவதும் போகாத ரவிக்கையோடு வேலைக்குப் போன பெண்களை நான் அறிவேன். வறுமை தெரிவது அந்த ஈரத்தில்தான். தாலிச் சரட்டில் எப்போதும் தொங்கும் இரண்டு ஊக்குகளையும் எழுதுங்கள். ரவிக்கைக் கொக்கி அறுந்தாலும், குழந்தையின் சட்டைப் பொத்தான் போனாலும், காலில் முள் குத்தினாலும் கை முதலில் அங்கேதான் போகும். கதையின் பிற்பகுதியில், 1983-இல் தொடங்கிய இலவச வேட்டி சேலைத் திட்டத்தின் பொங்கல் சேலை வரலாம். ஒரே மாதிரிச் சேலையைத் தெரு முழுவதும் உடுத்தியிருக்கும்போது அதில் வெட்கம் இல்லை. அதே சேலையை உடுத்திக்கொண்டு தியாகராய நகரில் உறவினர் வீட்டுத் திருமணத்துக்குப் போகும்போதுதான் வெட்கம் வருகிறது. ஒரே சேலைக்கு இரண்டு பொருள் வந்துவிடுகிறது பாருங்கள்.

காலப் பிழைகள் குறித்தும் சுருக்கமாகச் சொல்கிறேன். இன்று காலையில் பால் வாங்க வருகிற பெண்கள் பாதிப் பேர் நைட்டியின்மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு வருகிறார்கள் என்பதற்காக 1974-இன் குழாயடியில் நைட்டியை நிறுத்திவிடாதீர்கள். அன்று கமலாவின் தெருவில் பெண் குழந்தைக்குப் பாவாடை சட்டை, பருவமடைந்தால் தாவணி, அதன்பின் புடவை என்பதே படி. சுடிதாரில் அலுவலகம் போகும் பெண் உங்கள் நாவலின் பிற்பகுதிக்கு உரியவள், அதுவும் முதலில் எதிர்ப்போடுதான். ஆண்களுக்கு அந்தக் காலத்தில் பாலியெஸ்டரும் பருத்தியும் கலந்த டெரிகாட்டன் சட்டையும் மணிவடிவில் விரிந்த காற்சட்டையும் பெரிய ஆசை. பர்மா பஜாரில் வெளிநாட்டுத் துணி வாங்கினேன் என்று சொல்லிக்கொள்வதில் ஒரு பெருமை இருந்தது.

தேடுவதற்கு இடம் கேட்டிருக்கிறீர்கள். தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும் எழும்பூர் கன்னிமாரா நூலகத்திலும் அந்தக் கால வார இதழ்களைப் புரட்டிப் பாருங்கள், கதைகளைவிட விளம்பரங்களில் கூடுதலான செய்தி கிடைக்கும். ஆனால் விளம்பரம் மக்கள் வாங்க விரும்பியதைக் காட்டுமே தவிர அவர்கள் உடுத்தியதைக் காட்டாது. ஸ்டுடியோவில் எடுத்த குடும்பப் படங்களிலும் அதே சிக்கல்தான், இருப்பதில் நல்லதை, சில நேரம் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கியதை உடுத்திக்கொண்டு நின்றிருப்பார்கள். கூட்டங்கள், வேலைநிறுத்தங்கள், வெள்ளம் ஆகியவற்றின்போது செய்தித்தாள்களுக்காக எடுக்கப்பட்ட படங்கள்தாம் நம்பத் தகுந்தவை. அங்கே யாரும் படத்துக்காக உடுத்திக்கொண்டு வரவில்லை. வீட்டில் வயதானவர்கள் இருந்தால் 'அப்போது என்ன உடுத்தினீர்கள்' என்று கேட்காதீர்கள், 'சாதாரணமாகத்தான்' என்று சொல்லிவிடுவார்கள். 'முதன்முதலில் சொந்தப் பணத்தில் என்ன துணி வாங்கினீர்கள், யார் திட்டினார்கள்' என்று கேளுங்கள். பிறகு அவர்களை நிறுத்துவதுதான் கடினம்.

பெரம்பூர் வாசகி:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. அயனாவரத்துச் சகோதரி சொன்ன பிறகு தந்தை அறிமுகமாகும் பகுதியை எடுத்துப் பார்த்தேன், அங்கே 'வேட்டி சட்டையில் இருந்தார்' என்ற மூன்றே சொற்கள்தாம் இருக்கின்றன. அதை இப்படி மாற்றி எழுதியிருக்கிறேன்:

"இரவுப் பணி முடிந்து வந்தவர் வாசலிலேயே சட்டையைக் கழற்றித் தெருப்பக்கமாக மும்முறை உதறினார். தலைமயிரிலும் புருவத்திலும் ஒட்டியிருந்த பஞ்சை உதற முடியாது, அது குளித்தால்தான் போகும். கமலா அன்று அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். பஞ்சு பட்டுவிடப் போகிறது என்று அவர் சட்டையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, அவள் போவதற்கு வழி விட்டார்."

ஒரே ஓர் ஐயம் மீதி இருக்கிறது. நைலக்ஸ், வாயில், டெரிகாட்டன் ஆகியவற்றை இன்றைய இளம் வாசகர்கள் பார்த்திருக்கவே மாட்டார்கள். அடிக்குறிப்புக் கொடுக்கலாமா, அல்லது கதைக்குள்ளேயே ஒரு வரியில் விளக்கிவிடலாமா?

மெய்ப்புப் படிப்பவர்:

அடிக்குறிப்பு வேண்டாம் அம்மா, விளக்க வரியும் வேண்டாம். 'நைலக்ஸ் என்பது அக்காலத்தில் புகழ்பெற்றிருந்த செயற்கை இழைத் துணி' என்று கதைசொல்லி சொல்லத் தொடங்கினால், 1974-இல் நிற்கிற கமலாவின் பக்கத்தில் இன்றைய ஆசிரியர் ஒருவர் வந்து நின்றுவிடுவார். அடுப்படியில் தாய் அதட்டட்டும், பேருந்தில் முதுகு நனையட்டும், மாலையில் துவைத்தது படுக்கப் போகும் முன் காய்ந்துவிடட்டும். அந்தத் துணி எப்படிப்பட்டது என்று அதற்குள் வாசகருக்குத் தெரிந்துவிடும், பெயர் ஓர் அடையாளமாக மட்டும் நின்றால் போதும். வாயிலுக்கும் அதே வழிதான். டெரிகாட்டனைத் தம்பிகளில் ஒருவன் தையற்காரரிடம் கெஞ்சுகிற இடத்தில் வைத்துக்கொள்ளலாம்.

நீங்கள் மாற்றிய பகுதியில் ஒரே ஒரு திருத்தம் சொல்கிறேன். 'பஞ்சு பட்டுவிடப் போகிறது என்று' என்பதை நீக்கிவிடுங்கள். பஞ்சைப் பற்றி அதற்கு முன்பே சொல்லிவிட்டீர்கள், அவர் சட்டையை ஏன் மறைத்தார் என்பதை வாசகர் தாமே புரிந்துகொள்வார்.